காலிப் பெட்டிக்குப் பெரட்டு எதற்கு

சென்ற மாதம் சிவநேசி தொலைபேசியில் அழைத்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். கெட்டிக்காரி. நலம் விசாரிப்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொண்டு, எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"அக்கா, ஒரு டவுட். நம்ம பாக்குல் லைப்ரரியோட பதிப்பு எண்ணெல்லாம் பாத்துக்கிட்டு வந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு ஒழுங்கா வருது. நாலுக்கு அப்புறம் நேரா ரெண்டாயிரத்துச் சொச்சம். நடுவுல உள்ளதெல்லாம் எங்க போச்சு? யாரும் அழிச்சிட்டாங்களா?"

"நடுவுல ஒண்ணுமே இல்லம்மா. அது நான் பண்ணின கூத்து."

"என்ன கூத்து, சொல்லுங்க லா."

தொலைபேசியில் சொல்லி முடிகிற சமாச்சாரம் இல்லை என்று சொல்லி வைத்தேன். இப்போது எழுதுகிறேன். இதில் என் பெயர் கெடும் இடம் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் சிவநேசியின் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது பெரிய சாதனை ஒன்றும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பட்டணத்து இடைநிலைப்பள்ளி, கோலாலம்பூரில் ஒரு கணினி டிப்ளோமா. அப்புறம் கிள்ளானில் இரண்டு அலுவலகங்களில் மாறி மாறித் தட்டச்சு. கோலா சிலாங்கூரில் ஓர் இரும்புக்கடையின் மாடியில் இருந்த சிறிய நிறுவனம் ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு வந்தேன். வீட்டுக்குப் பக்கம், பஸ் செலவாவது மிச்சம் என்றுதான் வந்தேன். வந்தவள் அறுபது வயது வரை அந்த மாடிப்படியை ஏறி இறங்கினேன்.

எங்கள் வேலை என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. செம்பனை எண்ணெய் ஆலையிலும் நெல் ஆலையிலும் லோரி உள்ளே நுழைந்ததும் ஏறி நிற்கும் பெரிய இரும்புத் தட்டைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எடைமேடை. பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரு கணினி. அந்தக் கணினியின் இயங்குதளம் எங்களுடையது. லினக்ஸின் மேல் நாங்கள் கட்டியது. அதற்குப் புதிதாக ஏதாவது அனுப்ப வேண்டுமென்றால் பேக்கேஜாகக் கட்டி அனுப்புவோம். பேக்கேஜ் என்பதை ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சரக்கு, மேலே சீட்டு, வாயில் முத்திரை. பெட்டியைத் திறந்து, சீட்டைப் படித்து, முத்திரை எங்களுடையதுதானா என்று சோதிக்கிற நிரல்களின் தொகுப்புக்குத்தான் பாக்குல் லைப்ரரி என்று பெயர். பாக்குல் என்றால் மலாயில் கூடை. அந்தப் பெயரை வைத்தவர் காதர் சார்.

காதர் சார் எங்கள் பகுதிக்குத் தலைவர். அவருடைய அண்ணன் ஊரில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்க வருகிறவர்கள் பொழுது சாய்வதற்கு முன் அங்கேதான் ரொட்டி சானாய் சாப்பிடுவார்கள். அண்ணன் கல்லாவில் சத்தமாக இருப்பார். தம்பி மாடியில் சத்தமே இல்லாமல் இருப்பார். மேசையில் சர்க்கரை போடாத தே ஓ, பாலில்லாத தேநீர், ஒரு கிளாஸ் எப்போதும் இருக்கும். அது சூடாக இருந்து நான் பார்த்ததில்லை. யார் தப்புச் செய்தாலும் தப்பு என்று சொல்ல மாட்டார். "இன்னொரு தடவை படிங்கம்மா" என்பார், அவ்வளவுதான். நாம் எழுதியதை நாமே இரண்டாவது முறை வாய்விட்டுப் படிக்கும்போது தப்பு தானாகத் தொண்டையில் சிக்கும். திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

எந்தப் பதிப்பும் வெளியே போவதற்கு முன் அவர் ஒரு சடங்கு வைத்திருந்தார். பெட்டிக்குள் இருக்க வேண்டிய, இருக்கக் கூடாத கோப்புகளின் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டு அவர் கையில் வைத்துக்கொள்வார். கட்டி முடித்த பெட்டியைத் திறந்து நான் திரையில் வைத்துக்கொள்வேன். அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்.

"உரிமக் கோப்பு?"

"இருக்கு சார்."

"முத்திரை சோதிக்கிறது?"

"இருக்கு."

"பழைய சாவி?"

"இல்ல சார். எடுத்தாச்சு."

"நல்லது."

முதல் தடவை இதைச் செய்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி மண்டோர் பெயர் கூப்பிடுவாரே, அதேதான். அதற்குப் பெரட்டு என்று பெயர் என்றேன். கடைத்தெருவில் வளர்ந்த மனிதருக்கு அந்தச் சொல் தெரிந்திருக்கவில்லை. "பெரட்டா? நல்லாயிருக்கே" என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் மாடியில் அதற்குப் பெரட்டு என்றுதான் பெயர். மலாய்க்காரப் பையன்களும் சீனப் பெண்களும் "இன்னிக்கி பெரட்டு எத்தனை மணிக்கு?" என்று கேட்பார்கள். எங்கள் அப்பா கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

பாக்குல் எங்கள் இயங்குதளத்தோடு சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது. ஆலைகளுக்கு எடைச்சீட்டு நிரல் எழுதித் தரும் வெளி நிறுவனத்தார்தான் முதலில் குறைபட்டார்கள். அவர்களிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப். பெட்டியின் முத்திரையைச் சோதிக்க வேண்டுமென்றால் எங்கள் தளம் உள்ள கருவியைத் தேடிப் போக வேண்டும். பாக்குலோ பைத்தான் மொழியில் எழுதியது. அந்த மொழிக்கென்று உலகத்துக்கே பொதுவான களஞ்சியம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. அதில் ஏற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் தங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ளலாம். ஏற்றிவிடலாமே சார் என்று நான் நச்சரிக்க ஆரம்பித்தேன்.

காதர் சார் அதை விரும்பவில்லை.

"இப்ப ரெண்டும் ஒரே வாசல் வழியா போகுது கல்யாணிம்மா. தனியா விட்டா ரெண்டு வாசல் ஆயிடும். ஒரு வாசல்ல புதுசு இருக்கும், இன்னொண்ணுல பழசு இருக்கும். போன் பண்றவன் எந்த வாசல்ல வாங்கினான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இயங்குதளத்தின் பகுதியாக இருக்கிற ஒன்றை மொழிக்களஞ்சியத்திலும் தனியாக விட்டால் வருகிற தொல்லை அதுதான். எனக்கும் தெரியும். ஆனாலும் விடவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். இரண்டு வாசலிலும் ஒரே நாளில் ஒரே எண்தான் போக வேண்டும் என்றார். வெளியாட்கள் எந்தெந்தக் கட்டளைகளை நம்பலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதாததைக் கதவுக்குப் பின்னால் வைக்க வேண்டும் என்றார்.

அந்த வேலை எனக்கு நான்கு மாதம் பிடித்தது. எங்கள் கருவியில் முத்திரைச் சாவி எந்த இடத்தில் இருக்கும் என்பது நிரலுக்குள் அப்படியே எழுதியிருந்தது. விண்டோஸ் லேப்டாப்பில் அப்படி ஓர் இடமே கிடையாது. வருடக்கணக்காக எங்கள் வீட்டை மட்டும் நம்பி எழுதிய வரிகள் அவை. ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மாற்றினேன். எங்கள் தளத்தை முன்பின் பார்த்திராத கணினியில் சோதிக்க வேண்டும் என்று காதர் சார் பிடிவாதம் பிடித்தார். அப்படி ஒரு கணினி ஊரிலேயே அவருடைய அண்ணன் கடை கல்லாவில்தான் இருந்தது. மத்தியான நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்து கட்டளை தட்ட, பில்லுக்கு நின்றவர்கள் முறைக்க, அண்ணன் "ரெண்டு நிமிசம், ரெண்டு நிமிசம், கவர்மெண்டு வேலை" என்று புளுகிக்கொண்டிருந்தார். ஒரு தடவை பில் அடிக்கும் கருவி இரண்டு ரொட்டி, ஒரு தே தாரிக் என்ற வரிகளுக்குக் கீழே 'முத்திரை சரி' என்று அச்சிட்டுக் கொடுத்தது. வாங்கினவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

எல்லாம் முடிகிற நேரத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அந்தக் களஞ்சியத்தில் பெயர் முதலில் வந்தவருக்குச் சொந்தம். நாங்கள் ஏற்றுவதற்குள் வேறு யாராவது பாக்குல் என்ற பெயரை எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? கெட்ட எண்ணத்தோடு எடுத்தால்? இரண்டு நாள் அதே யோசனையாக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், காதர் சார் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தபோது, பெயரைப் பிடித்து வைப்பதற்காகக் காலிப் பெட்டி ஒன்றை ஏற்றினேன். உள்ளே ஒன்றுமில்லை. சீட்டு மட்டும்தான். எண் ஒன்று போட்டாக வேண்டுமே, அந்த ஆண்டையே எண்ணாகப் போட்டேன். அவர் திரும்பி வரும்வரை காத்திருந்து பெரட்டு வைத்திருக்கலாம். காலிப் பெட்டிக்குப் பெரட்டு எதற்கு, கூப்பிட ஒரு பெயரும் இல்லையே என்று நினைத்தேன். நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போய் மீன்குழம்பு வைத்தேன்.

திங்கள்கிழமை காலை சுங்கை பெசாரில் உள்ள ஒரு நெல் ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. எடைமேடை நின்றுவிட்டது. அறுவடை தொடங்கும் நாள். காதர் சார் காரை எடுத்தார். தஞ்சோங் காராங், செகிஞ்சான் தாண்டிப் போகும்போது இரண்டு பக்கமும் வெட்டு இயந்திரங்கள் வயலில் ஓடிக்கொண்டிருந்தன. ஆலைக்கு முன்னால் லோரிகள் சாலை வரை நின்றன. ஈர நெல்லை வெயிலில் மூடி வைத்தால் சூடேறிக் கெட ஆரம்பித்துவிடும். ஓட்டுநர்கள் இறங்கி எடைமேடையைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஆலை மேலாளர் எல்லோருக்கும் நடுவில் நின்று ராஜேஸ்வரியை மலாயில் ஏசிக்கொண்டிருந்தார்.

ராஜேஸ்வரி அந்த எடைமேடைக்குப் பொறுப்பாளர். ஐந்து வருடமாக ஒப்பந்தத்தில் வேலை. அந்த அறுவடை முடிந்ததும் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு அவரை மிகவும் பிடிக்கும். மற்ற ஆலைகளில் ஒரு விளக்கு நிறம் மாறி எரிந்தாலே எங்களுக்கு அழைப்பு வரும். இவர் கையேட்டைப் படித்துத் தானே செய்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு ஒரு வார்த்தை சொல்வார். எங்கள் கையேட்டை முழுவதும் படித்த ஒரே மனிதர் அவர்தான் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

"அறுவடைக்கு முன்னாடி அப்டேட் போடணும்னு இருக்குல்ல அக்கா, அதான் காலைல பட்டனை அமுக்கினேன். வேற ஒண்ணும் செய்யல. அமுக்கினேன், அப்படியே நின்னுபோச்சு," என்றார். கண் கலங்கியிருந்தது. அழவில்லை.

கண்ணாடி அறைக்குள் போய் என்னென்ன லைப்ரரி எந்தெந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பட்டியல் போட்டேன். பாக்குல் என்பதற்கு நேராக நான்கு இருக்க வேண்டும். அந்த ஆண்டின் எண் இருந்தது. நான் வெள்ளிக்கிழமை போட்ட எண்.

பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது. எடைச்சீட்டு நிரல், அப்டேட் பட்டனை அமுக்கினால் தனக்கு வேண்டிய லைப்ரரிகளை இரண்டு இடங்களில் தேடும். ஒன்று எங்கள் அலுவலகத்து சர்வர், இன்னொன்று பொதுக் களஞ்சியம். இரண்டிலும் இருந்தால் எண் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளும். அதுவரை பாக்குல் என்ற பெயர் எங்கள் சர்வரில் மட்டுமே இருந்ததால் வம்பில்லாமல் போனது. வெள்ளிக்கிழமை நான் பொதுக் களஞ்சியத்தில் பெரிய எண்ணோடு காலிப் பெட்டியை வைத்தேன். கருவி நாலை விட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டது. முத்திரையைச் சோதிக்க உள்ளே ஒன்றும் இல்லாததால் நின்றுவிட்டது. நிரல் வெளி நிறுவனத்துடையது என்றாலும், இரண்டு இடங்களில் தேடு என்று எங்கள் தளத்தின் அமைப்புக் கோப்பில் அதற்குப் பல வருடங்களுக்கு முன் சொல்லிக் கொடுத்த வரியை எழுதியதும் நான்தான்.

காலியை எடுத்துவிட்டு, நாலாவது பதிப்பை மட்டும் பயன்படுத்து என்று கட்டளை கொடுத்தேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் லோரி ஏறியது. சிவப்பு எண்கள் எரிந்தன. ஓட்டுநர்கள் கை தட்டினார்கள்.

மேலாளர் என்னைப் பார்த்து என்ன கோளாறு என்று கேட்டார். சரியாகிவிட்டது என்றேன். அவர் ராஜேஸ்வரியைக் காட்டி, இந்தப் பெண் கை வைத்துத்தானே கெட்டது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். நான் லேப்டாப்பின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த வயரை அவ்வளவு ஒழுங்காக நான் அதற்கு முன்னும் சுற்றியதில்லை, பின்னும் சுற்றியதில்லை.  ராஜேஸ்வரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் காதர் சார் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலையாகக் காலிப் பெட்டியைக் களஞ்சியத்திலிருந்து நீக்கினேன். பிறகு மற்ற ஆலைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்து, சர்வரில் வேலை நடக்கிறது, இரண்டு நாளைக்கு அப்டேட் போட வேண்டாம் என்று பொய் சொன்னேன். பொய் சொல்வதற்கு எனக்கு அவ்வளவு சரளமாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை ராஜேஸ்வரியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் அறிக்கை வரும்வரைதான் என்றார்களாம். எனக்குச் செய்தி வந்தது. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. ஐம்பது வயது தாண்டிய நிலையில், பெரட்டைத் தட்டிக் கழித்து இப்படி ஒரு சின்னப் பிள்ளைத்தனமான தப்பைச் செய்தேன் என்று இளைஞர்கள் முன் ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

எங்கள் அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. 'நின்றுபோவதற்கு முன் கருவியில் கடைசியாகக் கை வைத்தவர்'. புதன்கிழமை அதில் ராஜேஸ்வரியின் பெயரை எழுதினேன். எழுதியது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'பொருந்தாத பதிப்பு' என்று எழுதினேன். அதுவும் உண்மைதான். இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பெரிய பொய்யைக் கட்டிவிட்டு காதர் சாரிடம் கொண்டுபோனேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படிவத்தைப் பார்த்தார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"படிங்கம்மா."

படித்தேன். கை வைத்தவர், ராஜேஸ்வரி. காரணம், பொருந்தாத பதிப்பு.

"இன்னொரு தடவை படிங்க."

படித்தேன். ராஜேஸ்வரி என்ற பெயரில் குரல் இறங்கிவிட்டது.

"இன்னொரு தடவை."

"நான்தான் சார்," என்றேன். "வெள்ளிக்கெழம காலிப் பெட்டி ஒண்ணு ஏத்தினேன். பேரைப் பிடிச்சு வைக்க. பெரட்டு வைக்கல."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். களஞ்சியத்தில் எதை ஏற்றினாலும் நீக்கினாலும் எங்கள் இருவருக்கும் மெயில் வரும். அதை நான் மறந்தே போயிருந்தேன். ஒன்று வெள்ளிக்கிழமை ஏற்றியதற்கு. இன்னொன்று திங்கள்கிழமை நீக்கியதற்கு. இரண்டையும் அச்சிட்டு வைத்திருந்தார்.

"நானும் வெள்ளிக்கெழமையே பாத்தேன்மா. காலிப் பெட்டிதானேன்னு விட்டுட்டேன். என் பேரையும் சேத்து எழுதுங்க."

என் தப்பில் பங்கெடுத்துக்கொண்ட மனிதர் என்ற நன்றி எனக்கு வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"தெரிஞ்சும் மூணு நாளா ஏன் சார் சும்மா இருந்தீங்க?"

"நீங்களே வந்து சொல்வீங்கன்னு இருந்தேன்."

"அந்தப் பொண்ணு வீட்டுல உக்காந்திருக்குது சார்."

தே ஓ கிளாஸை எடுத்தவர் குடிக்காமல் வைத்தார். காதர் சாரைப் பற்றி நல்லதாக நூறு விஷயம் சொல்வேன். ஆனால் அந்த மூன்று நாள் பொறுமையை மட்டும் என்னால் இன்றுவரை நல்லதில் சேர்க்க முடியவில்லை. என் மனசாட்சிக்கு அவர் அவகாசம் கொடுத்தார். அதற்கான விலையை ராஜேஸ்வரி கொடுத்தார்.

அறிக்கையை மாற்றி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அன்றே ஆலைக்கு அனுப்பினோம். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. ராஜேஸ்வரியைக் கூப்பிடவில்லை. மறுநாள் நான் மட்டும் பஸ் ஏறி சுங்கை பெசாருக்குப் போனேன். டவுனைத் தாண்டி, பாரிட் என்று அங்கே சொல்லும் வாய்க்கால் ஒன்றின் ஓரத்தில் அவர் வீடு. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாங்க என்றார். தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காலிப் பெட்டி, எண், வயரைச் சுற்றிக்கொண்டு நின்றது, மற்ற ஆலைகளுக்குச் சொன்ன பொய், எல்லாம். மன்னிச்சிடு ராஜி என்றேன். எங்கள் அலுவலகத்திலேயே ஒரு வேலைக்கு காதர் சாரிடம் பேசியிருக்கிறேன், அவர் சரி என்கிறார் என்றும் சொன்னேன்.

அவர் வாளியில் மிச்சமிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"எனக்கு ஒங்க ஆபீஸ்ல வேலை வேணாங்க்கா. என் வேலைதான் எனக்கு வேணும்."

"ரிப்போர்ட்ட மாத்தி அனுப்பிட்டோம்."

"ரிப்போர்ட்ட யாரு படிப்பா? ஃபைல்ல போட்டு வச்சிருப்பாங்க. என்னைய ஏசினது அத்தனை லோரிக்காரங்க முன்னாடி. அவங்க இங்கேருந்து தஞ்சோங் காராங் வரைக்கும் சொல்லிட்டாங்க, அந்தப் பொம்பள கை வச்சா மெசினு நிக்கும்னு. நீங்க அங்க வந்து சொல்லுங்க. அதே எடத்துல."

வெள்ளிக்கிழமை காலை நானும் காதர் சாரும் ராஜேஸ்வரியும் ஆலைக்குப் போனோம். லோரிகள் வரிசையாக நின்றன. எங்கே நின்று பேசினால் எல்லோருக்கும் கேட்கும் என்று பார்த்தேன். எடைமேடையின் இரும்புத் தட்டில் ஏறி நடுவில் நின்றேன். மேலே இருந்த பெரிய பலகையில் சிவப்பாக எண்பது என்று எரிந்தது. ஓட்டுநர்கள் சிரித்துவிட்டார்கள். மேடைக்கு இருபது இருபதாகத்தான் கணக்குத் தெரியும், நான் எண்பது கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். ஒருவர் "பொருள் நல்ல காய்ஞ்சதுதானா அக்கா?" என்று தமிழில் கேட்டார். 

பிறகு மலாயில் சொன்னேன். திங்கள்கிழமை மெசின் நின்றதற்கு நான்தான் காரணம். வெள்ளிக்கிழமையே கோலா சிலாங்கூரில் உட்கார்ந்து நான் செய்த தப்பு அது. இந்தப் பெண் செய்ய வேண்டியதைச் செய்தார். அன்றைக்கு இங்கே நிற்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. கடைசி வரியை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். சொல்லாமல் இறங்கியிருந்தால் மறுபடியும் பாதி உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். ஓர் ஓட்டுநர் எச்சிலைத் துப்பிவிட்டு லோரிக்குள் ஏறிக்கொண்டார்.  மேலாளர் ராஜேஸ்வரியிடம் கண்ணாடி அறையின் சாவியைக் கொடுத்து, வேலையைப் பார்க்கச் சொன்னார். அந்த அறுவடை முடிந்ததும், சொன்னபடியே நிரந்தரக் கடிதமும் கொடுத்தார்கள்.

சிவநேசியின் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. களஞ்சியத்திலிருந்து ஒன்றை நீக்கலாம், ஆனால் போன எண்ணைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. அந்த இரண்டு மூன்று நாட்களில் எத்தனை கருவிகள் காலிப் பெட்டியை எடுத்தன என்றும் எங்களுக்குத் தெரியாது. எடுத்தவை தாமாக நாலுக்கோ ஐந்துக்கோ இறங்கி வராது, இன்னும் பெரிய எண் வந்தால்தான் மாறும். ஆகவே உண்மையான பாக்குலை முதல் தடவையாகப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றியபோது, நான் போட்ட எண்ணுக்கு மேல் ஒன்று கூட்டிப் போட்டோம். இயங்குதளத்திலும் அதே எண்தான். இரண்டு வாசல், ஒரே எண். எடைச்சீட்டு நிரல் இனி ஓர் இடத்தில் மட்டும் தேடும்படி அந்தப் பழைய வரியையும் நானே மாற்றினேன். காலிப் பெட்டியாக இருந்தாலும் பெரட்டு உண்டு என்று காதர் சார் தன் கையால் எழுதி சுவரில் ஒட்டினார். நடுவில் காணாமல் போனது ஒன்றுமில்லை சிவநேசி. நடுவில் இருப்பது நான்தான்.

அந்த வெள்ளிக்கிழமை, கண்ணாடி அறைக்குள் போனதும் ராஜேஸ்வரி அப்டேட் பட்டனுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப அமுக்கலாமா அக்கா?"

அமுக்கு என்றேன். அமுக்கினார். எல்லாம் நன்றாக ஓடியது. அவர் அதுவரை யாரையும் கேட்டதில்லை என்பது எனக்குக் காரில் வரும்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அறுவடைக்கு முன்னும் எனக்குப் போன் வரும். அக்கா, அமுக்கலாமா? நானும் ஒவ்வொரு தடவையும் அமுக்கு ராஜி என்பேன். பக்கத்து ஆலைக்காரர்கள் கையேட்டைப் படிக்காமல் கேட்டார்கள். இவர் படித்துவிட்டுக் கேட்டார். வருடங்கள் இப்படியே போயின.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு நாளைக்கு முன் அழைத்தார்.

"இனிமே நீங்க இருக்க மாட்டீங்களாமே. அடுத்த அப்டேட்டுக்கு நான் யார்கிட்ட கேக்கிறது?"

"யார்கிட்டயும் கேக்க வேணாம் ராஜி. கையேட்டுல உள்ளபடி செஞ்சா போதும். ஒனக்குத் தெரியாததா?"

அந்தப் பக்கம் ஒரு லோரி எடைமேடையில் ஏறும் சத்தம் கேட்டது. அதற்குச் சீட்டு அடிக்கும் சத்தமும் கேட்டது. பிறகு கோபமே இல்லாமல், எனக்கு ஏதோ நினைவுபடுத்துவது போல மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கும் கையேட்டுல உள்ளபடிதான் அக்கா செஞ்சேன்."